பரிசுப் பணம் எந்த விதியின்படி, யாருடைய கைக்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தோட்டப்புற மரக்கறிக் கண்காட்சிகளைப் பற்றி இரண்டு பந்திகள் எழுதியிருந்தேன். அதற்குப் பின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைக் கேட்கின்றன. உள்ளூர் விவசாயக் கண்காட்சியில் வழங்கும் பரிசுகளுக்கு அரச பணம் பெறுவது எப்படி, பெற்ற பணத்துக்குக் கணக்கு ஒப்புவிப்பது எப்படி என்பதே அது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன். ஓர் உள்ளூராட்சி மன்றத்தின் கணக்குக் கிளையில் நீண்ட காலம் வேலை செய்தேன். ஓய்வு பெற்ற பின் எங்கள் தோட்டத்து விவசாய சங்கத்தின் பொருளாளராக நான்கு கண்காட்சிகளுக்குப் பரிசுப் பணம் வாங்கிக் கொடுத்தேன். மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்தவன் சொல்லும் பதில்களாக இவற்றை வாசியுங்கள்.

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர்: சித்திரைப் புத்தாண்டை அடுத்து எங்கள் தோட்டத்து மைதானத்தில் மரக்கறிக் கண்காட்சி நடத்த இளைஞர் மன்றம் எண்ணியுள்ளது. பரிசுத் தொகைக்கு எந்தக் கந்தோரைக் கேட்பது? ஒவ்வொருவரும் வேறொரு கந்தோருக்குப் போகச் சொல்கிறார்கள்.

உங்களை இப்படி அலைய விடுவதற்குப் பின்னால் ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டு வந்த அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் விவசாயத்தையும் விவசாய விரிவாக்கத்தையும் மாகாண சபைகளின் அதிகார நிரலில் சேர்த்தது. அதே வரியில் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையை அந்த நிரலுக்கு வெளியே நிறுத்தியது. தேயிலை மத்திய அரசாங்கத்துக்கும் கரட்டும் லீக்ஸும் மாகாண விவசாயத் திணைக்களத்துக்கும் உரியவையாக, லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டுக்குப் பின்னாலுள்ள துண்டு நிலத்தில் போஞ்சி போடுகிறவர் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டார். "தோட்டம் எங்களுக்கு உரியதல்ல" என்று மாகாண அலுவலகத்தில் எவராவது சொன்னால், அந்த விலக்கு பெருந்தோட்டப் பயிர்களின் செய்கையைப் பற்றியது என்பதையும், தோட்டத்தில் குடியிருப்பவர் தம் கையால் வளர்க்கும் கோவாவைப் பற்றி அதில் எதுவும் இல்லை என்பதையும் பணிவாக, ஆனால் எழுத்தில், சுட்டிக்காட்டுங்கள். வாய்ப்பேச்சுக்கு அலுவலகக் கோவையில் இடமில்லை.

பிரதேச சபையைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட நல்லது. தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்ற தடை நெடுங்காலம் இருந்தது. 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் (திருத்தச்) சட்டம் 33 ஆம் பிரிவை மாற்றி அந்தக் கதவைத் திறந்தது. அத்திருத்தம் வீதி போன்ற பொது வசதிகளை மனத்தில் வைத்தே கொண்டுவரப்பட்டது என்பது உண்மைதான். என்றாலும் கண்காட்சி தோட்டத்துக்குள் நடக்கிறது என்ற ஒன்றை மட்டும் காட்டி உங்கள் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவது இனிமேல் எளிதல்ல. முன்பு நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டு பெரிய சபைகள் இருந்த இடத்தில், கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியவையும் சேர்ந்து இன்று ஆறு சபைகள் இருக்கின்றன. உங்கள் சபையின் வாசல் இப்போது பக்கத்திலேயே இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

பாராளுமன்ற உறுப்பினர்களின் சிபாரிசின்படி வரும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியைப் பலரும் நினைக்கிறார்கள். அது மூலதனச் செலவுக்கு உரியது. கதிரை, ஒலிபெருக்கி, கூடாரம் போன்று நிலைத்திருக்கும் பொருட்களுக்கு அதைக் கேட்கலாம். கையில் கொடுத்துத் தீர்ந்துபோகும் பரிசுப் பணத்துக்கு அது பொருந்தாது. கண்காட்சிக்குத் தேவையான காட்சி மேசைகளை அந்த வழியில் பெற்று, பரிசுத் தொகையை வேறு வழியில் தேடிய சங்கங்களை நான் அறிவேன். அது புத்தியான வேலை.

எல்லாவற்றுக்கும் மேலானது காலம். அரச நிதியாண்டு ஜனவரி 1 இல் தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. ஏப்ரல் மாதக் கண்காட்சிக்கு பெப்ரவரியில் கடிதம் கொடுப்பவர், பாதீடு நிறைவேறிய பிறகு பந்திக்கு வருகிறவர். முந்திய ஆண்டின் செப்டெம்பரிலேயே கடிதம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த ஆண்டுச் செலவினத் தலைப்புகளில் உங்கள் பெயருக்கு ஓர் இடம் கிடைக்கும். மைதானத்துக்குத் தோட்ட முகாமையாளரின் எழுத்து மூல அனுமதியையும் அந்தக் கடிதத்தோடு இணையுங்கள். காணி அரசுடையதாக இருந்தாலும், 1992 இல் தோட்டங்களின் முகாமைத்துவம் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து இடத்தைக் கையாள்வது கம்பனிதான். அனுமதி இல்லாத இடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்கு எந்தக் கணக்காளரும் கையொப்பமிடத் தயங்குவார்.

தலவாக்கலையிலிருந்து ஒரு சங்கச் செயலாளர்: பரிசுத் தொகையைத் தருவதாக அலுவலகத்தில் வாக்களித்தார்கள். நம்பிக் கண்காட்சியை நடத்தி முடித்தோம். பில்களைக் கொண்டுபோனபோது "இதற்குப் பணம் கொடுக்க முடியாது" என்று திருப்பிவிட்டார்கள். இது நியாயமா?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் இணைத்து அனுப்பிய பில்களின் பிரதிகளைப் பார்த்தபோது, நான் அந்த மேசையில் இருந்திருந்தாலும் அவற்றைத் திருப்பியிருப்பேன் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை எழுதியவர் நீங்கள் ஒருவர், இதே இடத்தில் விழுந்தவர்கள் பலர்.

அரச பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போவதற்கு முன் நான்கு படிகளைத் தாண்ட வேண்டும். செலவுக்கு அதிகாரமளித்தல், கொடுப்பனவை அங்கீகரித்தல், அதை அத்தாட்சிப்படுத்தல், பணத்தைச் செலுத்தல் என்பவை அவை. அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்களில் 135 ஆவதன் கீழ் இந்தக் கடமைகள் உத்தியோகத்தர்களிடையே பகிர்ந்து ஒப்படைக்கப்படுகின்றன. உங்களுக்கு வாக்களித்தவர் நல்ல மனத்தோடு வாக்களித்திருக்கலாம். ஆனால் முதற்படியான எழுத்து மூல அதிகாரமளிப்பு, கண்காட்சித் திகதிக்கு முன் கிடைத்திருக்கவில்லை. நடந்து முடிந்த செலவுக்குப் பின்னால் அனுமதி எழுதினால், அந்த உத்தியோகத்தர் தம் சம்பளத்தைப் பணயம் வைக்கிறார்: 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்தில், முறைகேடான செலவால் ஏற்படும் நட்டத்தைப் பொறுப்பானவரிடமிருந்தே அறவிடுவதற்கு ஏற்பாடு இருக்கிறது.

இரண்டாவது குறை பில்லில் இருக்கிறது. "பரிசுப் பொருட்கள்" என்று ஒரே வரி, அதன் எதிரே மொத்தத் தொகை, கீழே கடையின் முத்திரை, அவ்வளவுதான். எந்தப் பிரிவுக்கு எத்தனை பரிசு, யார் வென்றார், அவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தத் தாளைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. மூன்றாவதாக, மாலைக்கும் தேநீருக்கும் பந்தல்காரருக்கும் கொடுத்த தொகைகளையும் அதே கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். பரிசுக்கென்று கேட்ட பணம் பரிசுக்கே போக வேண்டும். வரவேற்புச் செலவைச் சங்கச் சந்தாவிலிருந்து பாருங்கள்.

எங்கள் சங்கம் பின்பற்றிய முறையைச் சொல்கிறேன். நூற்றிருபது பக்கக் கொப்பி ஒன்றைப் பதிவுப் புத்தகமாக்கினோம். கண்காட்சியன்று காலை ஆறரை மணிக்கு மேசை போடப்படும். போட்டிக்கான மரக்கறித் தட்டோடு வருகிறவரின் பெயர், லய இலக்கம் அல்லது வீட்டு இலக்கம், பிரிவு, வரிசை எண் ஆகியவை கொப்பியில் ஏறும். தட்டின் மேல் வைக்கும் துண்டில் எண் மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. நடுவர் எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார். தீர்ப்புத் தாளில் நடுவரும் செயலாளரும் ஒப்பமிட்ட பிறகே எண்ணுக்கு நேரே பெயர் சேர்க்கப்படும். மாலையில் பரிசு வாங்குகிறவர் அதே தாளின் பிரதியில், தம் பெயருக்கும் தொகைக்கும் எதிரே ஒப்பமிடுவார். இந்த மூன்றும், அதாவது பதிவுப் புத்தகம், தீர்ப்புத் தாள், ஒப்பப் பட்டியல் ஆகியவை, ஒன்றோடொன்று பொருந்தினால் எந்தக் கணக்காய்வாளருக்கும் கேட்பதற்குக் கேள்வி இருக்காது. கண்காட்சிக்கு முன்பே கைப்பணம் தேவை என்றால், பதவிநிலை உத்தியோகத்தர் ஒருவர் நிதிப் பிரமாணம் 371 இன் கீழ் முற்பணம் பெற்று வந்து, அவர் முன்னிலையில் பரிசு வழங்கலாம். காரியம் முடிந்த கையோடு அவர் கணக்கை ஒப்புவித்தாக வேண்டும். ஆகவே உங்கள் பட்டியலுக்காக அவரை நாட்கணக்கில் காத்திருக்க விடாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, அலுவலகத்தின் பக்கத்துக் குறையையும் மறைக்கக் கூடாது. எங்கள் இரண்டாவது கண்காட்சியின் கோவை எல்லாத் தாள்களும் சரியாக இருந்தும் ஓர் அலுவலகத்தில், சங்க முத்திரை மங்கலாக விழுந்திருக்கிறது என்ற காரணத்தால், ஒக்டோபரிலிருந்து ஒரு மேசையிலேயே கிடந்தது. டிசம்பர் 31 கடந்ததும் அந்த ஆண்டின் ஒதுக்கீடு காலாவதியாகிவிட்டது. பரிசு வென்றவர்களில் எட்டுப் பேர் அன்றாடச் சம்பளத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்கள். சங்கத்தின் சேமிப்பை உடைத்து அவர்களுக்குக் கொடுத்தோம். தவறைத் திருத்தும்படி ஒரு வரி எழுதி உடனே திருப்பியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் காரியம் அது. திருப்பி அனுப்புவது உத்தியோகத்தரின் கடமையாக இருக்கலாம். வைத்திருப்பது எந்தப் பிரமாணத்திலும் இல்லை. அதனால்தான் நவம்பர் முதல் வாரத்தில் ஒருமுறை நேரில் போய்க் கோவை எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள் என எல்லாச் சங்கங்களுக்கும் சொல்லி வருகிறேன்.

அப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர்: நிர்வாகக் குழுவில் இருப்பவர்களின் குடும்பத்தார் போட்டியில் பங்குபற்றலாமா?

பங்குபற்றலாம். சிறிய தோட்டம் ஒன்றில் குழுவினரின் உறவினரை விலக்கினால் பாதி லயம் விலகிவிடும். ஆனால் குழு உறுப்பினர் தாமே நடுவராக இருக்கக் கூடாது. தம் வீட்டுத் தட்டு இருக்கும் பிரிவின் பதிவு மேசையிலும் உட்காரக் கூடாது. நடுவரை வெளியிலிருந்து, கூடுமானால் விவசாயப் போதனாசிரியர் மூலமாக அழையுங்கள். இதை ஒரு வரியில், போட்டிப் பிரிவுகளையும் நிபந்தனைகளையும் சொல்லும் பிரிவுப் பட்டியலின் தலைப்பிலேயே அச்சிட்டுவிட்டால் பிறகு எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: பணத்துக்குப் பதிலாகப் பொருளாகப் பரிசு கொடுத்தால் கணக்கு எளிதாகுமா?

எளிதாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை கூடுகிறது. அரச பணத்தில் பொருள் வாங்கினால் கொள்வனவு விதிகள் வந்து சேரும். வழமையாகக் குறைந்தது மூன்று விலைமனுக்கள் கேட்கப்பட வேண்டும். குறைந்த விலையைத் தெரிவு செய்யாவிட்டால் ஏன் என்று எழுத வேண்டும். வாங்கிய பொருளைப் பதிவேட்டில் ஏற்றி, கொடுத்த பிறகு இறக்க வேண்டும். விதைப் பக்கெட்டோ விதைக் கிழங்கோ கொடுப்பதாயின் இன்னும் கவனம் வேண்டும். 2003 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க விதைச் சட்டம் விதை வியாபாரத்தை ஒழுங்குபடுத்துகிறது. பதிவு பெற்ற விற்பனையாளரிடம், சுட்டித்துண்டு ஒட்டிய பொதியாகவே வாங்குங்கள். சந்தையில் சாக்கை அவிழ்த்து அளந்து கொடுக்கும் கிழங்கைப் பரிசென்று கொடுத்து, அது நோயைக் கொண்டுவந்து அயலவரின் பாத்திக்கும் பரப்பினால் அந்தப் பாவம் சங்கத்தையே சேரும்.

இத்தனை வேலை இருந்தாலும், முதற்பரிசாக நல்ல மருந்துத் தெளிகருவி ஒன்றையோ உறுதியான மண்வெட்டி ஒன்றையோ கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன். பணம் அடுத்த நாள் கடன்காரரின் கைக்குப் போய்விடும். மண்வெட்டி பத்து வருடம் வீட்டில் இருக்கும்.

இராகலையிலிருந்து ஒரு வாசகி: நான் தோட்டத் தொழிலாளி. பங்களாவுக்குக் கீழேயுள்ள ஓடைக்கரையில் என் மாமியார் காலத்திலிருந்து லீக்ஸும் பீட்ரூட்டும் பயிரிடுகிறோம். அருகிலுள்ள கிராமத்தில் நடந்த கண்காட்சிக்குக் கொண்டுபோனபோது, காணிப் பதிவேட்டில் பெயர் இல்லை, கமக்காரர் அமைப்பில் உறுப்புரிமையும் இல்லை என்று தட்டை வாங்க மறுத்துவிட்டார்கள். அரச பணத்தில் பரிசு கொடுப்பதால் விதி அப்படித்தான் என்றார்கள். உண்மைதானா?

சகோதரி, இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் என்னை மிக நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது உங்களுடையதுதான். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் லீக்ஸ் தண்டுகளைப் பார்த்தேன். வெள்ளைப் பகுதி ஒரு முழத்துக்குக் கிட்ட, வளைவில்லாமல், அடி பருக்காமல் இருக்கிறது. தண்டு அப்படி வெளுக்க வேண்டுமானால் வளர வளரப் பல தடவை மண் அணைக்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து மாலை வெளிச்சத்தில் செய்த வேலை அது. அதை மேசையில் வைக்கவே விடவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இனி விதிக்கு வருகிறேன். கமக்காரர் அமைப்புகள் 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகின்றன; விவசாயக் காணிப் பதிவேடும் அதே சட்டத்தின் கீழ் வருகிறது. கமநல சேவை நிலையம் ஓர் அமைப்பினூடாகத் தன் உறுப்பினர்களுக்கென்று மட்டும் நடத்தும் போட்டியாயின், உறுப்புரிமை கேட்பதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் பிரதேச சபையோ மாகாணத் திணைக்களமோ பொதுமக்களுக்கென்று அறிவித்துப் பரிசுப் பணம் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அப்போது யார் பங்குபற்றலாம் என்பதை அச்சிட்ட பிரிவுப் பட்டியலே தீர்மானிக்கும். அதில் எழுதாத நிபந்தனையை வாசலில் நின்று சேர்க்க எவருக்கும் அதிகாரமில்லை. ஆகவே அந்தப் பட்டியலின் பிரதி ஒன்றை முதலில் பெறுங்கள். தகவல் அறியும் உரிமைக்கான 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பணம் கொடுத்த அலுவலகத்தில் அதைக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

என் கருத்தையும் ஒளிக்காமல் சொல்கிறேன். காணி உறுதியைப் பரிசுக்கான தகைமையாக்குவது மலையகத்தில் செய்யக் கூடாத காரியம். இங்கே பரம்பரை பரம்பரையாக மண்ணைக் கொத்தியவர்களுக்கு அந்த மண்ணின் மேல் எழுத்து இல்லை. அண்மைய வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி கொடுக்கப்பட்டது பெரிய மாற்றம்தான். ஆனால் வீடு கட்டிய பிறகு அதில் லீக்ஸ் பாத்திக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று எல்லோருக்கும் தெரியும். பரிசு விளைச்சலுக்குக் கொடுக்கப்படுகிறது. விளைவித்தவர் யார் என்பதை உறுதி செய்ய, கண்காட்சிக்கு இரண்டு வாரத்துக்கு முன் நடுவர் குழுவில் ஒருவர் பாத்தியைப் போய்ப் பார்த்து ஒரு தாளில் ஒப்பமிட்டால் போதும். எங்கள் தோட்டத்தில் அப்படித்தான் செய்தோம். சந்தையில் வாங்கி வந்து தட்டில் அடுக்குகிறவரையும் அந்த ஒரே நடை தடுத்துவிட்டது. காணி உறுதி அதைத் தடுக்காது. காணி உள்ளவரும் சந்தையில் வாங்கலாம். "நில உரிமை எவ்வாறாயினும், தாமே பயிரிட்ட எவரும் பங்குபற்றலாம்" என்ற ஒரு வரியைத் தங்கள் நிபந்தனைகளில் சேர்க்கும்படி ஒவ்வொரு பிரதேச சபை உறுப்பினரையும் இந்தப் பக்கத்தின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. சபையில் ஒரு தீர்மானம் போதும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்: சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி போன என் பெரியப்பா குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. அங்கே அரசாங்கமே காய்கறிக் கண்காட்சி நடத்துகிறதாம். மற்ற நாடுகளில் முறை எப்படி?

உங்கள் பெரியப்பா வீட்டார் சொல்வது சரி. நீலகிரியில் கோடை விழாவின்போது கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும், ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியும் நடக்கின்றன. நடத்துவது தமிழ்நாட்டின் தோட்டக்கலைத் துறை. அரசே நடத்தும்போது சங்கத்துக்கு மானியம் கொடுப்பதா, கணக்குக் கேட்பதா என்ற கேள்வி எழுவதில்லை. அந்த ஊர் மக்கள் தாமாக ஒன்றுகூடி நடத்தும் பழக்கமும் அதனால் குறைவு.

வட அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள். நியூயோர்க் மாநிலம் 1819 இல், மாவட்ட விவசாய சங்கங்கள் தாமே ஒரு தொகையைத் திரட்டிக் காட்டினால் அதற்கு ஈடான தொகையை மாநிலமும் கொடுக்கும் என்று சட்டம் செய்தது. இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடாவில் 1830 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் தாராளமானது: சங்கம் 50 பவுண் சேர்த்தால் அரசு 100 பவுண் சேர்த்தது. கலிபோர்னியாவில் 1933 இல் குதிரைப் பந்தயப் பணயத்தைச் சட்டபூர்வமாக்கியபோது, அதில் அரசுக்கு வரும் வருமானத்தின் ஒரு பங்கைக் கண்காட்சிகளுக்கென்று எழுதி வைத்தார்கள். ஏப்ரலில் நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இந்தச் செய்தி எனக்கு நினைவுக்கு வரும்.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. ஆளுநர் ஹென்றி பிளேக்கின் காலத்தில் 1904 இல் தொடங்கிய இலங்கை விவசாயச் சங்கம், ஊர்தோறும் கண்காட்சி நடத்துவதைத் தன் வேலைகளில் ஒன்றாகக் கொண்டிருந்தது. விவசாயத் திணைக்களம் 1912 இல்தான் வந்தது. நான் விரும்புவது ஈடுதொகை முறையை. சங்கம் ஒரு ரூபா, சபை ஒரு ரூபா என்று வைத்தால், சங்கத்தவர் தங்கள் ரூபாவைக் காப்பதற்காகவே சபையின் ரூபாவையும் காப்பார்கள். ஆனால் வறிய தோட்டங்களுக்கு அதில் ஒரு சலுகை வேண்டும். அவர்கள் கொடுக்கும் உழைப்பையும் இடத்தையும் தொகையாகக் கணிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்கெனவே வசதியுள்ள ஊருக்கே அரச பணம் போய்ச் சேரும்.

பசறையிலிருந்து ஒரு வாசகர்: தமிழில் ஒப்பமிட்ட பட்டியலை "சிங்களத்தில் கொண்டுவா" என்று திருப்பினார்கள்.

அப்படித் திருப்ப முடியாது. அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் எந்த உத்தியோகத்தருடனும் தமிழில் தொடர்பு கொள்ளவும் அலுவல் செய்யவும் உங்களுக்கு உரிமை தருகிறது. தொகைகளை இலக்கத்திலும் எழுத்திலும் தெளிவாக எழுதிக் கொடுங்கள். கைநாட்டு வைப்பவர் இருந்தால், பக்கத்தில் சாட்சியாக ஒருவர் பெயரும் அடையாள அட்டை எண்ணும் எழுதி ஒப்பமிடட்டும். திருப்பினால், திருப்பியதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்: பரிசு வழங்க அரசியல்வாதி ஒருவரை அழைத்தால்தான் பணம் வரும் என்கிறார்கள். பதாகையில் அவருடைய படமும் வேண்டுமாம்.

பிரதம விருந்தினராக எவரையும் அழைப்பது உங்கள் விருப்பம். பணத்துக்கு அது நிபந்தனையாக முடியாது. மக்களின் வரிப் பணத்தில் கொடுக்கும் பரிசை ஒருவர் தம் கொடையாகக் காட்டுவது, பரிசு வென்றவருக்கும் செய்யும் அவமரியாதை. அவர் உழைத்து வென்றதைத் தானமாக மாற்றிவிடுகிறது. தேர்தல் அறிவிக்கப்பட்ட காலத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. அரசியலமைப்பின் 104ஆ(4)(அ) உறுப்புரை, அரச சொத்து வேட்பாளர் ஒருவரையோ கட்சியையோ முன்னேற்றப் பயன்படுவதைத் தடுக்கும் அதிகாரத்தைத் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குத் தருகிறது. அந்தக் காலத்தில் கண்காட்சி வந்தால், பரிசளிப்பைப் பாடசாலை அதிபரிடமோ தோட்டத்தின் மூத்த பயிர்ச்செய்கையாளரிடமோ விடுங்கள். நாங்கள் ஒருமுறை எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியை மேடையேற்றினோம். அந்தத் தோட்டத்தில் கரட் விதையை முதலில் தூவியவர் அவர்.

வெலிமடையிலிருந்து ஒரு வாசகர்: ஒரு பிரிவுக்கு ஒரே ஒரு தட்டுத்தான் வந்தது. அதற்கு முதற்பரிசு கொடுத்தது சரியா? அலுவலகத்தில் கேள்வி கேட்கிறார்கள்.

அது உங்கள் பிரிவுப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எழுதாமல் விட்டிருந்தால் கேள்வி வரத்தான் செய்யும். போட்டிக்கு ஆளில்லாத இடத்தில் தொகையை அப்படியே கொடுத்தால், பரிசைப் பங்கிடவே பிரிவு உருவாக்கப்பட்டதோ என்று கணக்காய்வாளர் சந்தேகிப்பது இயல்பு. எங்கள் பட்டியலில் இரண்டு வரி இருந்தன. மூன்று தட்டுகளுக்குக் குறைவாக வந்தால் ஒரு பரிசு மட்டுமே உண்டு. தட்டு தரத்தை எட்டாவிட்டால் நடுவர் அதையும் நிறுத்தி வைக்கலாம்.

ஒரு வருடம் உருளைக்கிழங்குப் பிரிவுக்குத் தனியாக ஒரு தட்டு வந்தது. பன்னிரண்டு கிழங்குகள், பார்வைக்கு அழகாக, ஒரே அளவில். நடுவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். கண்கள் ஆழமில்லை, தோல் சுத்தம். ஆனால் மூன்றின் அடிப்பக்கத்தில் வெயில் பட்ட பச்சை நிறம் இருந்தது. அதில் ஒன்றைக் கத்தியால் வெட்டி, தோலுக்குக் கீழே பச்சை இறங்கியிருப்பதை எல்லோருக்கும் காட்டி, அது உண்பதற்கு ஏற்றதல்ல என்றும் விளக்கினார். முதற்பரிசு நிறுத்தப்பட்டு, இரண்டாம் பரிசுத் தொகை மட்டும் கொடுக்கப்பட்டது. தட்டைக் கொண்டுவந்தவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு கிழங்குக்கு மண் அணைக்கும் முறையை நடுவரிடமே கேட்டு அறிந்துகொண்டார். தீர்ப்புத் தாளில் காரணத்தை எழுதி, வழங்கப்படாத 1,500 ரூபாவைத் திருப்பிச் செலுத்திய வங்கிச் சீட்டை அதோடு இணைத்து அனுப்பினோம். அந்தக் கோவைக்கு ஒரு கேள்வியும் வரவில்லை. உங்கள் நடுவரும் அந்த ஒற்றைத் தட்டைத் தரம் பார்த்துத்தான் தீர்ப்பெழுதினார் என்றால், அந்தக் காரணத்தைத் தாளில் எழுதி அவரிடம் ஒப்பம் வாங்கி இந்த வாரமே அலுவலகத்துக்குக் கொடுங்கள்.